பழுதும் பழியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் எப்படியாவது படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். "மாமா, இவன் என் லேப்டாப்புல ஏதோ பழைய கேம் போடுறேன்னு கெடுத்து வச்சிட்டான். ரெண்டு போட்டேன். இனிமே லேப்டாப்பைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்களும் அவன்கிட்ட கொஞ்சம் பேசுங்க" என்றான். பையன் ஐந்தாம் வகுப்பு.

"ஸ்கிரீன்ல என்ன எழுதி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு பார்த்தா மாமா?" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. காரணம் சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தது.

1997 கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டிடிபி சென்டரை மூடினார்கள். அங்கே இருந்த 486 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். 4 எம்பி ரேம், 210 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த ரேமில் அடங்காது. வினாத்தாள் அடிக்கத்தான் வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் வரக்கூடாது. மானிட்டருக்கு என் மனைவி துணி உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு.

அப்போது எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வந்துவிடுவான். அவன் பெரியப்பா மகன் சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பிளாப்பியில் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பான். இவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வருவான்.

அப்படி வந்தவைதான் ஷேர்வேர் விளையாட்டுகள். இளையவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாமல் இருக்கலாம். 1982இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன், ஜிம் நாஃப் என்று இரண்டு பேர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஏறக்குறைய ஒரே யோசனையைச் செயல்படுத்தினார்கள். தாங்கள் எழுதிய புரோகிராமை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம், பயன்பட்டால் பணம் அனுப்புங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் என்பவர் தம்முடைய எழுத்து மென்பொருளையும் அதே வழியில் விட்டார். ஷேர்வேர் என்ற பெயர் அவரால்தான் பரவியது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. முகம் தெரியாத ஆளை முதலில் நம்புவது, காசை அப்புறம் கேட்பது. அவ்வளவுதான் அதன் தத்துவம்.

விளையாட்டுக்காரர்கள் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். அப்போஜி நிறுவனத்தின் ஸ்காட் மில்லர் முதல் பாகத்தை இலவசமாக விட்டு, மீதிப் பாகங்களுக்குக் காசு வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1990 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் வழியே கமாண்டர் கீன் வந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு சிறுவன் செவ்வாய்க் கிரகத்தில் குதித்துக் குதித்து ஓடுவானே, அது. மூன்று பாகத்தில் முதல் பாகம் இலவசம். அதைச் செய்த அதே குழுதான் பிறகு ஐடி சாஃப்ட்வேர் என்ற பெயரில் 1993 டிசம்பர் 10ஆம் தேதி டூம் விளையாட்டை வெளியிட்டது. மொத்தம் 27 கட்டங்கள். முதல் 9 கட்டம் இலவசம். இரண்டு பிளாப்பிகளில் அடங்கி உலகம் முழுவதும் கைமாறிக் கைமாறிப் போனது. அப்படிப் போன நகல்களில் ஒன்றுதான் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

டூம் நல்ல விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. ஒரே சுடுவதும் ரத்தமும். இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க மாட்டேன். அன்று கொடுத்ததும் சரியில்லைதான். நான் சொல்ல வந்தது விளையாட்டைப் பற்றி அல்ல, அதை ஓட வைக்க அந்தப் பையன் பட்ட பாட்டைப் பற்றி.

இன்று போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் விளையாட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அன்று அப்படி இல்லை. முதல் பிளாப்பியைப் போட்டு இன்ஸ்டால் என்று அடித்தால் கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடும். பிறகு இரண்டாவதைக் கேட்கும். பாதியில் 'டேட்டா எரர்' என்று நின்றுவிடும். 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று கேட்கும். வெயிலில் சட்டைப் பையில் வந்த பிளாப்பி அல்லவா! திரும்பவும் சென்னைக்காரன் லீவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சில விளையாட்டுகள் பிகேசிப் முறையில் சுருக்கி, மூன்று நான்கு பிளாப்பிகளில் பிரித்து வரும். அதை விரிக்கும்போது முதலில் கடைசி பிளாப்பியைக் கேட்கும். எனக்கு இது விசித்திரமாக இருந்தது. "பொருளடக்கம் கடைசிப் பக்கத்துல இருக்கு சார். அதைப் பார்த்தாத்தான் எது எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும்" என்றான் பையன். எட்டாம் வகுப்பு! பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தையே திருப்பிப் பார்க்காத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது நினைவகம். டாஸ் காலத்தில் எத்தனை எம்பி ரேம் இருந்தாலும், சாதாரண புரோகிராம்களுக்குக் கிடைத்தது முதல் 640 கேபிதான். பந்தியில் முதல் வரிசை மாதிரி. மவுஸுக்கான டிரைவர், சிடிக்கான டிரைவர் எல்லாம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடும். விளையாட்டு வந்து நின்றால் இலை இருக்காது. அப்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளைத் திறந்து, உட்கார்ந்திருப்பவர்களில் சிலரை மாடிக்கு அனுப்ப வேண்டும். 'லோட்ஹை' என்று ஒரு கட்டளை, அதுதான் மாடிப்படி.

டூம் வேறு ரகம். அது 640 கேபியைத் தாண்டிப் போய் மேலே உள்ள நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் குறைந்தது 4 எம்பி வேண்டும். எங்களிடம் இருந்ததே 4 எம்பிதான். அதிலும் ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்துகிற ஸ்மார்ட்டிரைவ் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. பையன் மெம் என்று அடித்து யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினான். பிறகு ஸ்மார்ட்டிரைவ் வரிக்கு முன்னால் 'ரெம்' என்று மூன்று எழுத்துச் சேர்த்தான். அப்படிச் சேர்த்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். "ஏன், அழிச்சிட்டாப் போச்சே?" என்றேன். "வேண்டாம் சார். அழிச்சா மறந்துபோகும். இது இருந்த இடத்துலயே இருக்கும்" என்றான். அதற்கு முன்பே இரண்டு கோப்புக்கும் நகல் எடுத்து வைத்திருந்தான். "ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா, ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்னு வரும்போது எஃப்5 அமுக்குங்க சார். இந்த ரெண்டையும் விட்டுட்டுத் திறந்துக்கும்" என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தான்.

சத்தம் அடுத்த தலைவலி. சவுண்டு கார்டுக்கு முகவரி 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று விளையாட்டிடம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சத்தமே வராது. இல்லாவிட்டால் ஒரே துண்டுச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். பிரிண்டர் போர்ட்டும் வழக்கமாக 7ஐத்தான் வைத்திருக்கும். வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே வரிசை எண் கொடுத்தால் வருகைப் பதிவு என்னவாகும்? அதே கதைதான். பையன் 7ஐ 5ஆக மாற்றினான். சத்தம் வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. மாற்றுவதற்கு முன் நகல் எடு. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு அறிவியல் செய்முறை கற்பிக்கும் முறை என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அது ஒரு பையன் கையில் முழுதாக நடந்ததை நான் பார்த்தது என் வகுப்பறையில் அல்ல, அந்த அறையில்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவனுக்குக் கொஞ்சம் குறும்பும் உண்டு. ஒருநாள் நான் கம்ப்யூட்டரைப் போட்டால் வழக்கமான 'சி:' வரவில்லை. அந்த இடத்தில் 'வணக்கம் சார்' என்று ஆங்கில எழுத்தில் வந்து நின்றது. பிராம்ப்ட் என்ற கட்டளையை வைத்து விளையாடியிருக்கிறான். சிரித்தேன். ஆனால் மனதில் ஒரு மூலையில் 'இவன் எதையும் செய்வான்' என்று பதிந்துவிட்டது. பிறகு சில காலை வேளைகளில் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது. அதுவும் அவன் வேலைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவனிடம் கேட்கவே இல்லை.

1998இல் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். ஆறு வினாத்தாள்கள் அதில் இருந்தன. சனிக்கிழமை காலையில் பையன் வந்திருந்தான். போட்டால் கறுப்புத் திரையில் நான்கு வரி ஆங்கிலம். அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை. எஃப்5 அமுக்கினாலும் பயன் இல்லை. சி டிரைவே இல்லை என்கிறது. என் கையெல்லாம் வேர்த்துவிட்டது. முந்தின வாரம்தான் அவன் ஏதோ புது விளையாட்டுப் போட்டிருந்தான்.

"எதை அழிச்சே?" என்றேன்.

"நான் ஒண்ணும் அழிக்கல சார். மேல பேட்டரின்னு என்னமோ போட்டிருக்கு சார், பாருங்க" என்றான்.

"பேட்டரியா? டார்ச் லைட்டா இது? வாயை மூடு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அவன் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவரிடமும் சொல்லிவிட்டேன். "வாத்தியார் பொருளைக் கெடுத்துட்டு வந்திருக்கியா?" என்று அவர் கேட்டிருப்பார். எப்படிக் கேட்டிருப்பார் என்பது அந்தக் காலத்து அப்பாக்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

புதன்கிழமை திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். போட்டுப் பார்த்தார். திரையின் முதல் வரியைப் படித்தார். 'சிமாஸ் பேட்டரி ஸ்டேட் லோ'. சிபியுவைக் கழற்றினார். மதர்போர்டில் சுண்டுவிரல் அளவு பேட்டரி ஒன்று. ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கசிந்திருந்தது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியையும், எந்த ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தையும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பேட்டரியின் தயவில்தான். அது செத்துப்போனால் மெஷினுக்குத் தன்னிடம் ஹார்ட் டிஸ்க் இருப்பதே மறந்துபோகும். தேதி 1980க்குப் போனது அந்தப் பேட்டரி முன்கூட்டியே கொடுத்த எச்சரிக்கை. மெக்கானிக் வேறு பேட்டரி வைத்தார். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து மூன்று எண்களைப் பதித்தார். மெஷின் திறந்துகொண்டது. ஆறு வினாத்தாளும் அப்படியே இருந்தன. விளையாட்டும் இருந்தது.

"பசங்க கேம் போட்டதால இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றார்.

இதை நான் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் என்று நாள் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பையனிடம் போய் 'நான் தப்பு, நீ சரி' என்று சொல்வதா என்ற கௌரவம்தான். அவன் அதன் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. வகுப்பில் மட்டும் வணக்கம் சொல்வான். அந்தக் கம்ப்யூட்டரில் நான் அதற்குப் பிறகு வினாத்தாள் மட்டுமே அடித்தேன்.

என்னால்தான் அவன் வாழ்க்கை மாறிப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பெருமை பேசுவதுதான். அவன் நன்றாகவே இருக்கிறான். ஆனால் ஒரு பிள்ளை திரையைப் படித்துச் சரியான பதிலைச் சொன்னான். நான் அதற்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தேன். இதை மாற்ற முடியாது.

ஷேர்வேர்காரர்களை நினைத்துப் பார்க்கிறேன். எங்கேயோ அமெரிக்காவில் இருந்துகொண்டு, முகம் தெரியாத என்னைப்போன்ற ஆட்களை நம்பி முதல் பாகத்தைக் கையில் கொடுத்தார்கள். பணம் அனுப்ப ஒரு படிவமும் உள்ளேயே வைத்திருந்தார்கள். டூம் முழுவதும் வேண்டுமென்றால் 40 டாலர். அன்றைக்கு டாலர் 36 ரூபாய்க்கு மேல். நான் வாங்கவில்லை. அனுப்பும் வழியும் எனக்குத் தெரியாது. அந்த 9 கட்டங்களோடு நின்றுகொண்டோம். அவர்கள் யாரென்றே தெரியாத என்னை நம்பினார்கள். நானோ வாரம் தவறாமல் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போன பையனை நம்பவில்லை.

இப்போது பெற்றோர்களுக்கு என் கருத்து.

பிள்ளை ஒரு பொருளைக் கையில் எடுத்துக் கோணல்மாணலாக ஏதோ செய்கிறது என்றால் உடனே பறிக்காதீர்கள். கம்ப்யூட்டராக இருக்கலாம், சைக்கிள் செயினாக இருக்கலாம், மிக்ஸியாகக்கூட இருக்கலாம். மிக்ஸி என்றால் பிளக்கை மட்டும் பிடுங்கிவிடுங்கள். பழுது ஏற்பட்டால் முதல் கேள்வி "யார் செய்தது?" என்பதாக இருக்கக்கூடாது. "என்ன தெரிகிறது? கடைசியாக எது மாறியது?" என்பதாக இருக்கட்டும். பழியைத் தேட ஆரம்பித்தால் பழுது கண்ணில் படாது. எனக்கு முதல் வரியிலேயே எழுதியிருந்தும் படவில்லை. பழிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை என்ன செய்யும்? மறைக்கும். மறைத்த பழுதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

"இப்போதுதான் எல்லாம் தானாக ஓடுகிறதே, இந்தக் கஷ்டம் எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். தானாக ஓடுவது நல்லதுதான். கான்ஃபிக்.சிஸ் எழுதச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இன்று போனில் வரும் பல இலவச விளையாட்டுகளில் பிள்ளை மாட்டிக்கொண்டால், வெளியே வர ஒரே வழிதான் வைத்திருக்கிறார்கள். விளம்பரம் பார், இல்லாவிட்டால் காசு கட்டு. மூடியைத் திறந்து உள்ளே பார்க்க இடமே இல்லை. அன்றைய விளையாட்டு எது இலவசம், எதற்குக் காசு என்று முதலிலேயே சொல்லிவிடும். ஓடாமல் நின்றால் ஏன் நின்றது என்று தேடவும் விடும். அந்தத் தேடல் எங்காவது ஓரிடத்தில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். "கண்ணு, நீ அந்தக் கேமைத் திறந்தப்போ என்ன வந்துச்சு?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "இந்த ஆப் உங்க பிசியில ஓடாதுன்னு இங்கிலீஷ்ல வந்துச்சு தாத்தா" என்றான். எழுத்துக்கூட்டிப் படித்து ஞாபகம் வைத்திருக்கிறான். சரியான பதில். அது டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம். இப்போதைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள் 2002இலிருந்து இருக்கிறது. இலவசம். அது இன்றைய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடித்து அந்த விளையாட்டுகளை ஓட்டும். அதைச் சொன்னேன். அவன் போடப் பார்த்தது கமாண்டர் கீன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லேப்டாப் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பது தனிக் கதை. அதைக் கடையில் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஓடாது என்று சொல்லி நின்றுவிட்ட ஒரு விளையாட்டு அதைக் கெடுத்திருக்க வழியில்லை. தங்கை மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "கடைக்காரர் என்ன சொன்னாலும் அதை அப்படியே உன் மகன்கிட்டப் போய்ச் சொல்லு. உன்மேல தப்பு இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லு. தள்ளிப்போடாதே."

கடைசியாக ஒன்று. அந்த எட்டாம் வகுப்புப் பையன் இன்று இந்தப் பட்டியலில் இருக்கிறான். ஆசிரியர் தினம் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். நான் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுக் கடந்துவிடுகிறேன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று திரையில் பேட்டரி என்றுதான் எழுதியிருந்தது. நீ சொன்னதுதான் சரி. நீ எதையும் அழிக்கவில்லை. உன் அப்பாவிடமும் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் இருக்கும்போதே சொல்லாமல் விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அந்த 486 இன்னும் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போட மனம் வரவில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. இறக்கிப் பார்ப்போம். பேட்டரி நிச்சயம் போயிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்பாசிரியர்